நேரில் வைக்காத பத்திரிகை

சம்பளம் போடும் நாளில் எங்கள் கம்பெனிப் பெண்களுக்கு நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்வது வழக்கம். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணியை வெட்டி, சுருட்டி, பெட்டி கட்டி வெளியூருக்கு அனுப்புகிற கம்பெனி அது. நான் கணக்குப் பார்க்கிறேன். முன்பு கவரில் போட்டுக் கையில் கொடுத்த சம்பளம் இப்போது எல்லோருக்கும் பேங்கில் ஏறுகிறது. ஏறிய வேகத்தில் எவனாவது போன் போட்டு இறக்கிக்கொண்டு போய்விடுவானோ என்கிற பயமும் கூடவே ஏறுகிறது. அதனால் மதியச் சாப்பாடு முடிந்து தூக்குச்சட்டி கழுவிக்கொண்டு வருகிறவர்களை நிறுத்தி வைத்துப் பேசுவேன்.

"ஓடிபி கேட்டா குடுக்காதீக. பின் நம்பர் கேட்டா குடுக்காதீக. பேங்க் மேனேஜரே நேர்ல வந்து கேட்டாலும் குடுக்காதீக. எவன் கேட்டாலும் திருடன்னு நெனச்சுக்கோங்க. கேட்டாத் திருடன். அம்புட்டுத்தான்."

'கேட்டாத் திருடன்' என்பது நானே கண்டுபிடித்த வாக்கியம். அதில் எனக்குப் பெருமை உண்டு. பெட்டி கட்டுகிற பெண்கள் ஒருவரையொருவர் கிண்டல் பண்ணவும் அதைப் பயன்படுத்துவார்கள். ஒருத்தி ஊறுகாய் கேட்டால், "கேட்டாத் திருடன்டி" என்று இன்னொருத்தி மூடியை இறுக்குவாள். நானும் சிரித்துக்கொள்வேன். என் பேச்சு ஊருக்குள் பரவுகிறது என்று நினைப்பு.

பேச்சு மட்டும் இல்லை, என் வழக்கமும் அப்படித்தான். சம்பளம் ஏறுகிற கணக்கு வேறு, போனில் சேர்த்திருக்கிற கணக்கு வேறு. போனில் இருக்கிற கணக்கில் பாலுக்கும் காய்கறிக்கும் மாத்திரைக்கும் வேண்டியது மட்டும் கிடக்கும். அதில் கைவைத்தால் திருடனுக்கு டீச்செலவு கூடத் தேறாது. மற்ற கணக்கின் கார்டு பீரோவுக்குள் சேலைக்கு நடுவே இருக்கிறது. "உங்கிட்ட இருந்து புருஷன் என்னாலேயே பத்து ரூவா வாங்க முடியல, வேற எவன் வந்து வாங்கப் போறான்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இவ்வளவு கெட்டிக்காரியான நான்தான் என் தங்கச்சியின் மூன்று லட்சத்தைத் தொலைத்தேன். திருடன் வேறு யாரோ. கதவைத் திறந்து வைத்தது நான்.

என் தங்கச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறாள். அவள் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர், தவறிப் போய்விட்டார். பிள்ளை இல்லை. நான் வேலைக்குப் போன காலத்தில் என் மகளைக் கைக்குழந்தையாக வாங்கி வளர்த்தவள் அவள்தான். திங்கட்கிழமை காலையில் கொண்டு போய் விடுவேன், சனிக்கிழமை சாயங்காலம் போய்த் தூக்கிக்கொண்டு வருவேன். என் மகள் முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டது அவளைத்தான். அன்றைக்கு எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் போன பிறகு மில்லிலிருந்து வந்த பணத்தைப் போட்டு அவள் ஒரு வீட்டை ஒத்திக்குப் பிடித்தாள். ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம், காலி பண்ணும்போது அதை அப்படியே திருப்பி வாங்கிக்கொள்ளலாம். தனியாக இருக்கிற பொம்பளைக்கு அதுதான் தோது. ஜாக்கெட் தைத்து மாதா மாதம் வாடகை கட்ட முடியாது. அந்த மூன்று லட்சம் அவளுக்கு ரூபாய் இல்லை, தலைக்கு மேலே இருக்கிற கூரை.

போன ஆடி மாதம் வீட்டுச் சொந்தக்காரரின் மகன் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பி வருகிறான் என்றார்கள். வீட்டைக் கேட்டார்கள். நல்ல மனிதர்கள், பணத்தை முன்கூட்டியே தந்துவிடுகிறோம் என்றார்கள். தங்கச்சி இரண்டு தெரு தள்ளி வேறு வீடு பார்த்துப் பேசியும் முடித்துவிட்டாள். ஆனால் ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் பணத்தைக் கொடுத்துப் பால் காய்ச்சுவது என்று முடிவானது. இடையில் இருக்கிற நாட்களுக்கு அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

அவள் எனக்குப் போன் போட்டாள். "அக்கா, ரொக்கமா வாங்கி உங்கிட்டக் குடுத்து வைக்கேன். ஆவணி பொறந்ததும் வாங்கிக்கிறேன். உங்கிட்ட இருந்தா எனக்குத் தூக்கம் வரும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தக் காலத்துல எவளாவது மூணு லட்சத்த மடியில கட்டிக்கிட்டு பஸ் ஏறுவாளா? பேங்க்ல போடச் சொல்லு. வெள்ளையா, கணக்கா இருக்கும்." அவள், "எம்போன்ல இருக்கது அந்த ஒரு கணக்குத்தானேக்கா, அதுலயா?" என்று கேட்டாள். அவளுக்கே உள்ளுக்குள் ஏதோ இடித்திருக்கிறது. "ஆமா, அதுக்கென்ன? யாரு கேட்டாலும் நம்பர் குடுக்காத, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

எனக்கு இரண்டு கணக்கு, அவளுக்கு ஒன்று. வருகிற சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போய் இன்னொரு கணக்கு ஆரம்பித்துக் கொடுக்கலாம், பணத்தை அதில் போட்டு, கார்டே வாங்காமல் வைத்திருக்கலாம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தச் சனிக்கிழமை எனக்கு வேறு வேலை இருந்தது. சேத்தூரில் கல்யாண மண்டபம் பார்க்கப் போயிருந்தோம்.

இதையும் சொல்லியாக வேண்டும். என் மகளுக்கு சேத்தூரில் மாப்பிள்ளை அமைந்து ஆனி கடைசியில் நிச்சயம் ஆகியிருந்தது. தங்கச்சிக்குச் சொல்லவில்லை. பூ வைத்துப் பேசிய அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நல்ல காரியத்துக்கு முன்னால நிக்கிறவுகள மட்டும் கொஞ்சம் பாத்து வச்சுக்கோங்க" என்று மெதுவாகச் சொன்னார். என் தங்கச்சி புருஷன் இல்லாதவள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் தலையை ஆட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "கல்யாணம் நெருங்குறப்போ சொல்லிக்கலாம், இப்போ எதுக்கு" என்றார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. ரொக்கத்தை என்னிடம் கொடுத்து வைக்கிறேன் என்று அவள் சொன்னபோது நான் துள்ளியதற்கு நிஜக் காரணமும் இதுதான். அவள் வந்தால் ஹாலில் கிடக்கிற பட்டுச்சேலைப் பைகளையும் நகைக்கடைப் பெட்டியையும் பார்ப்பாள். பணம் பத்திரமாக இருக்க நான் அவளுக்குச் செய்த உபதேசம் முழுக்க என் ரகசியம் பத்திரமாக இருக்கச் செய்தது.

பணம் அவள் கணக்கில் ஏறியது. ஏறியதும் எனக்குச் சொன்னாள். "ஏறிருச்சுக்கா. மெசேஜ் வந்துச்சு. அந்த மெசேஜத் தொடக்கூட பயமா இருக்கு." நான் சிரித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. எங்களோடு வேலை பார்த்து வன்னியம்பட்டிக்குக் கல்யாணமாகிப் போன பெண்ணின் நம்பர். ஆவணியில் கல்யாணம் வைப்பவர்கள் ஆடியிலேயே பத்திரிகை அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்கு ஒரு தங்கை உண்டு, அவளுக்குத்தான் முடித்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன்.

இப்போதெல்லாம் போனில் அனுப்பிவிட்டு, சாயங்காலம் ஒரு போன் போட்டு, "பத்திரிகை பாத்தீகளா" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு 'இன்னும் பாக்கலை' என்று சொன்னால் செருப்பால் அடித்த மாதிரி எடுத்துக்கொள்வார்கள். ஏற்கனவே ஒரு காதுகுத்துக்கு அப்படி முழித்து, ஒரு குடும்பமே என்னோடு பேச்சை நிறுத்திவிட்டது. அதனால் யார் பத்திரிகை அனுப்பினாலும் உடனே திறந்து மண்டபத்தின் பெயரை மட்டுமாவது மனப்பாடம் பண்ணிக்கொள்வேன்.

அமுக்கினேன். தெரியாத ஆப் என்று ஏதோ எச்சரிக்கை வந்தது. போன் எதற்குத்தான் எச்சரிக்காது? சரி என்று அமுக்கினேன். மெசேஜ்களைப் பார்க்க அனுமதி கேட்டது. கொடுத்தேன். திரை வெள்ளையாக நின்றது. நெட் சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீயைக் குடித்தேன். கேட்டாத் திருடன் என்று வாய் கிழியப் பேசினேனே, அது என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மனுஷக் குரலில் கேட்கவில்லை, அதனால் கேட்டதாகவே எனக்குப் படவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் தானாக மூடிக்கொண்டு மறுபடி நம்பரைக் கேட்டது. ஏதோ அப்டேட் என்று நினைத்தேன். வேலை மும்முரத்தில் அதைச் சரி பண்ண மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் நம்பரில், என் படத்தோடு, எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அதே பத்திரிகையை அனுப்பியிருக்கிறான். அவன் அனுப்பியது எதுவும் என் போனில் தெரியவில்லை. என் கணக்கிலும் ஒரு பைசா குறையவில்லை. திறக்காத அந்தப் பத்திரிகை ஆப்பை அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கச்சி போன் செய்தாள். 

"அக்கா, பணம் போயிருச்சுக்கா."

"எந்தப் பணம்?"

"ஒத்திப் பணம். அம்புட்டும். பத்திரிகைன்னு ஒண்ணு வந்துச்சு. அமுக்குனேன்."

இந்த இடத்தில் ஒரு நல்ல அக்கா என்ன கேட்டிருப்பாள்? பதறாதே, வந்துகொண்டிருக்கிறேன் என்றிருப்பாள். நான் கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "உனக்கு அறிவு எங்க போச்சு? எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? யாரு என்னன்னு பாக்காம அமுக்குவியா? சின்னப் பிள்ளையா நீ?" அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "யாரு அனுப்புனா என்ன, உன்ன யாரு அமுக்கச் சொன்னா" என்று நான் அதையும் முடக்கினேன். 

பஸ்ஸில் போகும்போது கூட என் மனசில் இருந்தது கோபம்தான். முந்தின நாள் நானும் ஒரு பத்திரிகையை அமுக்கியது நினைவுக்கே வரவில்லை. பயம் அப்புறம்தான் வந்தது. பேங்கில் அவள் மூலை நாற்காலியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவுன்டரில் இருந்த அம்மா நல்லவர். உடனே கணக்கை முடக்கினார், சைபர் கிரைமுக்குப் போன் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் நின்று விவரமெல்லாம் சொல்ல வைத்தார். பணம் இரவிலேயே துண்டு துண்டாக வேறு வேறு கணக்குக்குப் போயிருந்தது. கார்டு விவரத்தையும் அவளே அதில் போட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"கார்டு நம்பரும் போட்டியா?" என்று நான் அங்கேயே, எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

கவுன்டர் அம்மா, "யாரும்மா அனுப்புனது, தெரிஞ்ச நம்பரா?" என்று கேட்டார்.

தங்கச்சி என்னை ஒரு தடவை பார்த்தாள். "தெரியலைங்க. ஏதோ நம்பரு" என்றாள்.

"போன்ல இருக்கும்ல, காட்டுங்க."

"பயத்துல எல்லாத்தையும் அழிச்சிட்டேங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அழிச்சிட்டாளாம். இருந்த ஒரு சாட்சியையும் அழிச்சிட்டு உக்காந்திருக்கா" என்று அந்த அம்மாவிடமே சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. 'விடுங்க, பாவம்' என்பது போல் கையைக் காட்டினார். முன்பின் தெரியாதவருக்கு வந்த இரக்கம் எனக்கு வரவில்லை.

அடுத்த இரண்டு நாட்கள் விருதுநகர் சைபர் கிரைம் போலீஸ், பேங்க், மறுபடி பேங்க் என்று அலைந்தோம். கொஞ்சப் பணம் ஏதோ ஒரு கணக்கில் நிற்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறோம், கோர்ட் உத்தரவு வந்தால் கிடைக்கும் என்றார்கள். எம்புட்டு, எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பழைய வீட்டை ஆடி முடிந்ததும் காலி செய்ய வேண்டும். புது வீட்டின் சொந்தக்காரருக்கு ஆவணி முதல் முகூர்த்தத்தில் பணம் கொடுக்க வேண்டும். தங்கச்சி ஜாக்கெட் தைப்பதை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே, "வாடகைக்கு ஒரு ரூம் கெடைச்சா போதும்க்கா, மெஷின் போட எடம் இருந்தாச் சரி" என்றாள். அப்போதும் நான், "அப்படியே பொறுமையா இரு. அன்னைக்கே இந்தப் பொறுமை இருந்திருக்கலாம்" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. சொன்னது நான்தான்.

மூன்றாம் நாள் தளவாய்புரத்திலிருந்து எங்கள் பெரியப்பா மகன் போன் செய்தார். நைட்டி வியாபாரம் பண்ணுகிறவர், எடுத்த எடுப்பில் சண்டைக்கு நிற்பவர்.

"ஏட்டி, மகளுக்கு முடிச்சிட்டியாக்கும். நல்லா இருக்கட்டும். ஆனா பத்திரிகைய போன்லயா அனுப்புவ? தளவாய்புரத்துக்கு பஸ் விடலையா?"

"என்ன பத்திரிகை அண்ணே?"

"உன் நம்பர்ல இருந்து, உன் மூஞ்சியோட வந்த பத்திரிகைதான். நேர்ல வந்து, தாம்பாளத்துல வச்சு, ரெண்டு வெத்தலையோட குடுக்காத பத்திரிகைய நான் தொறக்குறதே இல்ல. தொறக்கலை, பாத்துக்க."

 அவர் இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். அவரைக் காப்பாற்றியது எச்சரிக்கை இல்லை, ரோஷம். நான் ஊருக்கெல்லாம் செய்த உபதேசத்தைவிட ஒரு மனிதரின் ரோஷம் பணத்தைப் பத்திரமாகக் காத்திருக்கிறது. போனை வைத்துவிட்டு, பெட்டி கட்டுகிற பெண்களில் ஒருத்தியிடம் அவள் போனை வாங்கிப் பார்த்தேன். என் படம், அதற்குக் கீழே அந்தப் பத்திரிகை. அவள் போனில் அன்றைக்கு நெட் தீர்ந்துபோனதால் திறக்கவில்லையாம். "உங்க மகளுக்கா அக்கா? ஸ்வீட் எங்க?" என்று கேட்டாள். நேரத்தைப் பார்த்தேன். நான் வெள்ளைத் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடித்த அந்த நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி.

அன்றைக்கு முழுவதும் எனக்குக் கணக்கே ஓடவில்லை. தங்கச்சிக்கு வந்தது யாரிடமிருந்து என்று ஒரு தடவை கூட நான் கேட்கவில்லை. சொல்ல வந்ததையும் தடுத்தேன். பேங்கில் என்னை அவள் பார்த்த பார்வை ஞாபகத்துக்கு வந்தது. ஒருவேளை அவள் நம்பரைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இருக்கட்டும் என்று சாமியையும் வேண்டிக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட வேண்டுதல் பாருங்கள். அவள் பணம் திரும்பி வரட்டும் என்று அன்றைக்கு நான் வேண்டவில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என் வளையல்களை அடகு வைத்தேன். மகளுக்குப் போடலாம் என்று வைத்திருந்த இரண்டு ஜோடி. இரண்டு லட்சம் கிடைத்தது. கொண்டு போய்ப் புது வீட்டின் சொந்தக்காரரிடம் கொடுத்து, மீதியைத் தீபாவளிக்குள் தருகிறோம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சம்மதித்தார். ஆவணியில் பால் காய்ச்சினோம். அக்கம்பக்கத்துப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்த அக்கான்னா இப்படியில்ல இருக்கணும்" என்றார்கள். தங்கச்சி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சிரித்த முகமாக நின்றேன். திருடின பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தர்மம் செய்ததாகப் பேர் வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.  ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கம்பெனியில் அந்த மாதச் சம்பள நாளில் பிரசங்கம் இல்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆவணி பாதியில் மகள் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கிற வேலை வந்தது. கல்யாணம் ஐப்பசியில். பெயர்களை எழுத உட்கார்ந்தோம். எங்கள் பக்கத்தில் பத்திரிகையின் அடியில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று போட்டு, பெரியப்பா பெரியம்மா, சித்தப்பா சித்தி என்று முறை வைத்து அச்சடிப்பார்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போனது என்று பார்க்கத்தான் பாதிப் பேர் பத்திரிகையைத் திறப்பார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. என் வீட்டுக்காரர் சித்தி என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "சம்பந்தி வீட்டுல..." என்று இழுத்தார். நான், "விட்ருங்க. அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா" என்றேன். என் வாயால் சொன்னேன். அவர் அடுத்த பெயருக்குப் போனார்.

அன்று இரவெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத்தான் தூங்கினேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, அச்சகத்திலிருந்து மாதிரி வந்த பிறகு, அவள் பெயர் இல்லாத அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் தாங்க முடியவில்லை. பணத்தைப் பற்றியாவது சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறினேன். பெயரைப் பற்றிச் சொல்கிற எண்ணம் அப்போதும் எனக்கு இல்லை.

புது வீட்டில் ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருந்தாள். எனக்கு காபி கொடுத்துவிட்டு, யாருக்கோ அவசரமாகக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வந்த பத்திரிகை எம்போன்ல இருந்துதான் வந்துச்சு" என்றேன். "நான்தான் மொதல்ல அமுக்குனேன். அதுக்குப் பொறவுதான் எல்லாருக்கும் போயிருக்கு."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"உம்படத்தோடல்ல வந்துச்சு."

"பொறவு ஏன் பேங்க்ல தெரியலைன்ன? ஏன் அழிச்ச?"

"உன் நம்பரக் குடுக்கச் சொல்லுதியா? கம்பெனிக்குப் போற பொம்பள. போலீசு கூப்பிட்டு விசாரிச்சா என்ன ஆகும்? அதுவும் பிள்ளைக்குக் கல்யாணம் வார நேரத்துல."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். கல்யாணத்தைப் பற்றி நான் இன்னும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"சேத்தூரு மாப்பிள்ளையாமே. ஊரே சொல்லுது" என்றாள். "நீதான் சொல்லல."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் குணம், கேட்டேன். "நான் அனுப்புனதாவே இருக்கட்டும். எதுக்கு அம்புட்டு தூரம் போன? கார்டு நம்பர எதுக்குப் போட்ட? அதான் எனக்கு இன்னும் புரியல."

அப்போதுதான் அவள் மெஷினை நிறுத்தினாள். துணியிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

"உங்கிட்ட இருந்து பத்திரிகைன்னு வந்துச்சு. நம்ம பிள்ளைக்குத்தான்னு நெனச்சேன். எனக்குப் போன்லயா அனுப்புதா, நான் என்ன ஊரான் வீட்டுப் பொம்பளையான்னு, செத்த நேரம் போனத் தூரப் போட்டுட்டு உக்காந்திருந்தேன். பொறவு மனசு கேக்கல. எம்பேரு போட்டிருக்கான்னு பாக்கணும்னு தோணுச்சு. அமுக்குனேன். வரல. என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரின்னு அமுக்குனேன், அப்பவாவது வராதான்னு. கடைசில கார்டு நம்பரு கேட்டுச்சு. மொய்க்குன்னு நெனச்சேன். இப்போல்லாம் பத்திரிகையிலயே மொய் வாங்குறாகல்ல. கோபத்த மறந்துட்டேன் அக்கா. மொத மொய் சித்தி மொய்யா இருக்கட்டும்னு போட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. ஜாக்கெட்டின் கையை ஒருமுறை பிரித்துப் பார்த்து, மடிப்பைச் சரி செய்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"போட்டிருக்கியா, எம்பேர?"

"இன்னும் அடிக்கலை."

"அடிக்கலை, சரி. எழுதிருப்பீகல்ல. எழுதுனதுல இருக்கா?"

அவளிடம் இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். துணியை மறுபடி ஊசிக்குக் கீழே வைத்தாள்.

"அப்ப மொய் மட்டும் வாங்கிக்கிட்டீக" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.